கம்பளி இல்லாத கில்ட்டில் மடிப்பு நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், பின்புறம் மடிப்பு வைத்த உடை. கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளியில், 8 கெஜம் துணி போட்டு, கையால் தைத்த ஸ்காட்லாந்து கில்ட்டுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அதன் கனமே மடிப்பைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரத் துணி போட்டு ஒருமுறை அழுத்தினால் பல மாதம் அப்படியே நிற்கும். ஆனால் எல்லோரும் கம்பளி கட்டுவதில்லை. சிலருக்குக் கம்பளி பட்டால் தோல் அரிக்கிறது. சிலர் விலங்குப் பொருளே வேண்டாம் என்கிறார்கள். சிலருக்கு விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே துவைக்க வேண்டும் என்பதற்காகப் பாலிவிஸ்கோஸ் (பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி) வாங்குபவர்களும், வேலைக்கும் மலையேற்றத்துக்கும் பாக்கெட் வைத்த காட்டன் கில்ட் வாங்குபவர்களும் நிறையப் பேர். இவற்றை மட்டமான கில்ட் என்று ஒதுக்குவது எனக்கு ஒப்புதலில்லை. ஒழுங்காகப் பராமரித்த பாலிவிஸ்கோஸ் கில்ட்டின் பின்புறம், ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட் விளையாட்டுத் திடலில் நிற்கும் எந்தக் கம்பளிக் கில்ட்டுக்கும் குறையாமல் விழும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கம்பளிக்குச் சொன்ன அறிவுரையை அப்படியே எடுத்து எல்லாத் துணிக்கும் செய்கிறார்கள். காட்டனுக்குச் சரியான சூடு அக்ரிலிக் என்ற செயற்கை இழைத் துணியைப் பாழாக்கும். அக்ரிலிக்குக்குத் தாங்கும் சூடு காட்டனில் ஒரு கோடுகூடப் போடாது. அதோடு, மடிப்பு குலைவதற்குக் காரணம் பாதி நேரம் இஸ்திரியே இல்லை. அளவிலோ, அணியும் விதத்திலோ, துவைக்கும் முறையிலோ இருக்கும். அதனால் பெட்டியைச் சூடாக்குமுன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: துணி எது, கோளாறு எப்போது தெரிகிறது.

துணி எது?

லேபிள் இருந்தால் அதைப் படியுங்கள். ‘அக்ரிலிக் வுல்’ என்று போட்டிருந்தால் அது அக்ரிலிக். கம்பளி என்று நினைத்து ஆவி காட்டிவிடாதீர்கள். பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைத்து உலகெங்கும் மலிவு விலைக்கு விற்கப்படும் டார்ட்டன் (ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி) கில்ட்டுகளில் இந்தத் துணி அதிகம்.

லேபிள் இல்லையென்றால், உள்மடிப்பின் தையல் ஓரத்தில் பிசிறாக நிற்கும் நூல் ஒன்றை வெட்டி எடுங்கள். இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துப் பற்றவையுங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் விழுந்தால் காட்டன் அல்லது விஸ்கோஸ். உருகிச் சுருண்டு, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். கரும்புகையோடு சடசடவென வேகமாக எரிந்து, கோணல்மாணலான கருப்புக் கட்டியாக முடிந்தால் அக்ரிலிக். கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் கெட்டியும் கலந்து வந்தால் அது கலவைத் துணி. பாலிகாட்டன் அல்லது பாலிவிஸ்கோஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். தலைமுடி கருகும் நாற்றம் அடித்தால் உங்கள் கில்ட்டில் கம்பளி இருக்கிறது.

சூட்டின் அளவு இஸ்திரிப் பெட்டியின் புள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு புள்ளி 110 டிகிரி செல்சியஸ் வரை, அது அக்ரிலிக்குக்கு. இரண்டு புள்ளி 150 வரை, பாலியஸ்டர் கலவைகளுக்கு. மூன்று புள்ளி 200 வரை, சுத்தக் காட்டனுக்கும் லினனுக்கும்.

எல்லாத் துணிக்கும் பொதுவான விதி ஒன்றுதான். சூடு இழையை இளக்குகிறது. மடிப்பு பதிவது ஆறும்போது. சூடாக இருக்கும்போதே கில்ட்டைத் தூக்கினால், இளகிய இழை தொங்கும் நிலையிலேயே ஆறிவிடும். பெட்டியை எடுத்ததும் மடிப்பின் மேல் வழவழப்பான மரக்கட்டை ஒன்றை வைத்து, கை வைத்தால் சூடு தெரியாத வரை அப்படியே அழுத்தி விடுங்கள். வார்னிஷ் பூசாத எந்தக் கட்டையும் போதும். நான் சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

அறிகுறி: ஹேங்கரில் கத்திபோல நிற்கிறது, கட்டியதும் விரிகிறது

முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இதுதான் கோளாறு என்றால் எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் பயனில்லை.

கில்ட்டின் மடிப்புகள் மேலிருந்து கீழ்வரை தொங்குவதில்லை. இடுப்பிலிருந்து பிட்டத்தின் மிக அகலமான இடம் வரை அவற்றை ஒன்றோடொன்று தைத்து இறக்கியிருப்பார்கள். கில்ட் தைப்பவர்கள் இந்தப் பகுதியை ஃபெல் என்பார்கள். அது முடியும் இடத்திலிருந்துதான் மடிப்பு சுதந்திரமாக விழுகிறது. பிட்டத்தில் கில்ட் இறுக்கமாக இருந்தால், ஃபெல் முடிந்த உடனே துணி இரு பக்கமும் இழுபட்டு மடிப்பு வாயைத் திறக்கும். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நடு முதுகுக்குக் கீழே உள்ள மடிப்புகள் மட்டும் விரிந்து ஓரத்தில் உள்ளவை ஒழுங்காக இருந்தால், சந்தேகமே வேண்டாம், இறுக்கம்தான்.

வார்களைப் பாருங்கள். மரபான கில்ட்டில் இடப்பக்கம் ஒரு வார், வலப்பக்கம் இரண்டு வார் இருக்கும். வலப்பக்கத்தில் கீழே பிட்டத்தருகே இருக்கும் வாரைத்தான் பலர் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கில்ட்டை இடுப்பில் நிறுத்துவது மேல் வார்களின் வேலை. கீழ் வார் சும்மா படிந்து கிடந்தால் போதும். ஒரு துளை தளர்த்தி மறுபடி கண்ணாடியைப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால், ஏப்ரன் (முன்னால் மடிப்பில்லாமல் தட்டையாக வரும் பகுதி) பக்கமாகப் பக்கிளைத் தள்ளித் தைத்துக் கொஞ்சம் இடம் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம் கட்டும் உயரம். மரபான கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்கத் தைக்கப்படுவது. கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் மேலோ நடுவிலோ வரும். அதை ஜீன்ஸ் கட்டும் இடத்தில் கட்டினால், குறுகலான இடுப்புப் பகுதி அகலமான எலும்பின் மேல் உட்கார்ந்து, ஃபெல் முழுவதும் தவறான இடத்துக்கு இறங்கிவிடும். பாக்கெட் வைத்த யுட்டிலிட்டி கில்ட்டுகள் பலவற்றில் இது நேர்மாறு. அவை தாழ்வாகக் கட்டவே வெட்டப்பட்டவை.

துணி குறைவான கில்ட்டில் இன்னொன்றும் உண்டு. 4, 5 கெஜத்தில் கத்தி மடிப்பு (எல்லாம் ஒரே பக்கம் சாயும் கூர்மடிப்பு) வைத்தால் ஒவ்வொரு மடிப்பும் ஆழம் குறைந்து போகும். ஆழமில்லாத மடிப்பு சின்ன அசைவுக்கே திறந்துகொள்ளும். இதற்குத் தையல் ஒன்றே வழி. கீழே காட்டன் பகுதியில் சொல்கிறேன்.

அறிகுறி: காலையில் கூர்மை, மாலையில் உட்காரும் இடம் மட்டும் கசங்கல்

பாலிவிஸ்கோஸ் கட்டுபவர்கள் அதிகம் சொல்லும் புகார். இந்தத் துணியில் பாலியஸ்டரே பெரும்பங்கு. அது உடல் சூட்டுக்கெல்லாம் இளகாது. ஆனால் கூடவே இருக்கும் விஸ்கோஸ் வியர்வையை உறிஞ்சி நெகிழ்ந்துவிடும். அதன் மேல் உங்கள் எடையும் அமர்ந்தால் புதுக் கோடுகள் விழும்.

உட்காரும் முறையை மாற்றினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். உட்காருமுன் இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் கொண்டுபோய், மடிப்புகளை இடுப்பிலிருந்து கீழ்நோக்கி நீவி, தொடைக்கு அடியில் தட்டையாகப் படியவிட்டபடியே அமருங்கள். மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே நீவ வேண்டும். எதிர்த்து நீவினால் ஒவ்வொரு மடிப்பும் புரண்டு இரட்டையாக மடியும். எழுந்ததும் பின்பக்கத்தை ஒருமுறை உதறி விடுங்கள்.

கழற்றியதும் அலமாரிக்குள் வைக்காமல் இரவு முழுக்கக் காற்றில் தொங்கவிடுங்கள். ஈரம் போனதும் பாதிக் கசங்கல் தானாக இறங்கும். மீதிக்கு ஒழுங்கான ஒரு இஸ்திரி வேண்டும். அதன் முறை இது.

மெல்லிய வெள்ளைக் காட்டன் நூலில், மடிப்புகள் எல்லாவற்றையும் அவற்றின் இடத்தில் படியவைத்து, விளிம்புக்கு நாலு விரற்கடை மேலே குறுக்காக நீளமான ஓட்டுத் தையல் போடுங்கள். ஃபெல்லுக்கும் விளிம்புக்கும் நடுவே இன்னொரு வரிசை. மடிப்பின் மேல் ஓரம் ஃபெல்லில் தைத்திருக்கும் கோட்டுக்கு நேராக வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தையுங்கள். டார்ட்டன் என்றால் கட்டமே வழிகாட்டும். குறுக்குக் கோடு ஒரு மடிப்பிலிருந்து அடுத்ததற்கு உடையாமல் ஓட வேண்டும். இருபதுக்கு மேல் மடிப்பு இருப்பதால் பொறுமை தேவை. இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு வெறும் கையால் பிடித்து இஸ்திரி போடுபவர்களின் கில்ட்தான் ஒரு மடிப்பு அகலமும் ஒரு மடிப்பு குறுகலுமாக நிற்கிறது.

பிறகு இஸ்திரிப் பலகையில் கில்ட்டின் உள்பக்கத்தை மேலே போட்டு முதலில் அழுத்துங்கள். தொங்கும் பகுதியை நாற்காலியில் தாங்கவிடுங்கள், இல்லையென்றால் அதன் கனமே மடிப்பை இழுக்கும். அதன்பின் வெளிப்பக்கம் திருப்பி, பிழிந்த காட்டன் துணியை மேலே போட்டு, இரண்டு புள்ளிச் சூட்டில் பத்துப் பதினைந்து எண்ணும் வரை அழுத்துங்கள். பெட்டியைத் தேய்க்கக் கூடாது. தூக்கி வைத்துத் தூக்கி வைத்து நகர வேண்டும். உடனே மரக்கட்டை. ஆறியதும் அடுத்த இடம். நூலை முழுதும் ஆறிய பிறகே பிரியுங்கள்.

துவைக்கும்போதும் இதே கணக்குதான். பாலியஸ்டர் சுமார் 70, 80 டிகிரியில் இளகத் தொடங்குகிறது. மடிப்பு உள்ளே வந்த வழியும் அதுதான், வெளியே போகும் வழியும் அதுதான். 30 டிகிரிக்கு மேல் போகாமல், ஓட்டுத் தையலோடு, மென்மையான சுற்றில் துவையுங்கள். சூடான டிரையரில் மற்றத் துணிகளோடு திணித்தால் கண்ட இடத்தில் கோடு விழுந்து அதுவே நிரந்தரமாகும். வேகச் சுழற்சியில் பிழியாமல், சொட்டச் சொட்டத் தொங்கவிட்டால் தண்ணீரின் கனமே மடிப்பை நீட்டிக் கொடுக்கும்.

அறிகுறி: துவைத்தாலோ மழையில் நனைந்தாலோ மடிப்பு மொத்தமும் காணாமல் போகிறது

இது காட்டன். டக், டிரில், டெனிம் என்ற கனத்த காட்டன் துணிகள் எல்லாவற்றுக்கும் இதே கதை. காட்டன் இழையில் மடிப்பைப் பிடித்து வைத்திருப்பது மூலக்கூறுகளுக்கு இடையேயான பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டதும் அது அவிழ்ந்துவிடும். செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஹைலாண்ட் விளையாட்டு நடக்கும் பிரேமார் ஊர்த் திடலுக்குப் போகிறவர்கள் வெயிலை நம்பிப் போவதில்லை. ஸ்காட்லாந்து மழையில் காட்டன் மடிப்பு வெறும் இஸ்திரியால் நிற்காது. எவ்வளவு சூடு வைத்தாலும் அடுத்த துவைப்பில் போய்விடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நிலையான தீர்வு ஊசியில் இருக்கிறது. ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும், விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே, மடித்த இரண்டு அடுக்கை மட்டும் பிடித்து மெஷின் தையல் ஓட்டிவிடுங்கள். மடிப்பை அடியில் உள்ள துணியோடு சேர்த்துத் தைத்துவிடக் கூடாது. தையல் நீளம் 3 மில்லிமீட்டர். டிரில்லுக்கு 90 எண் ஊசி, தடித்த டக்குக்கு 100. பாலியஸ்டர் நூல் நல்லது. காட்டன் நூல் துவைக்கத் துவைக்கச் சுருங்கி ஓரத்தைக் கொசகொசவென்று இழுக்கும். எல்லா மடிப்புகளையும் ஒரே திசையில் தையுங்கள், விளிம்பிலிருந்து மேலே என்றால் எல்லாமே அப்படி. ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகப் போனால் துணி நகர்ந்து மடிப்புகள் ஒன்றுக்கொன்று எதிராக முறுக்கும்.

வெளி ஓரத்தோடு நிறுத்தாதீர்கள். உள்ளே மறைந்திருக்கும் ஆழமான மடிப்புக்கும் இதே தையல் போட்டால்தான் மடிப்பு முழுமையாகப் படியும். டார்ட்டன் பாலிவிஸ்கோஸில் வெளித் தையல் கண்ணை உறுத்தும் என்று நினைப்பவர்கள் உள்மடிப்புக்கு மட்டும் போடலாம். வெளியே எதுவும் தெரியாது, ஆனால் கில்ட் தன் கோட்டுக்குத் தானே திரும்பும். நனைந்த பின்னும் எங்கே மடிய வேண்டும் என்று துணிக்குத் தெரியும். கையால் நீவித் தொங்கவிட்டாலே போதும்.

தைக்க விருப்பமில்லை என்றால் கஞ்சி. காட்டன் வேட்டிக்குப் போடும் அதே அரிசிக் கஞ்சி இதற்கும் சரிவரும், ஆனால் முழுக் கில்ட்டையும் முக்காதீர்கள். இவ்வளவு கனத்த துணி முழுக்கக் கஞ்சி குடித்தால் பலகையாகிவிடும். நடக்கும்போது அசைய வேண்டிய மடிப்பு அசையாது. மெல்லிய துணியில் வடிகட்டி நன்றாக நீர்த்த கஞ்சியை, அகலமான பிரஷ்ஷால் மடிப்புக் கோட்டின் உள்பக்கம் மட்டும் தடவுங்கள். துணி உறிஞ்சும் வரை விட்டு, அரை ஈரமாக இருக்கும்போது மூன்று புள்ளிச் சூட்டில் அழுத்துங்கள். கருப்பு, கரும்பச்சைக் கில்ட்டுகளில் வெள்ளைத் திட்டு படியும் என்பதால் வெளிப்பக்கம் கஞ்சி படவே கூடாது. பல மாதம் எடுத்து வைப்பதாக இருந்தால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள். மாவுச்சத்துக்கு வெள்ளிப்பூச்சி வரும்.

மழையில் நனைந்து வீடு வந்தால் ஹீட்டர் மேல் போடாதீர்கள். ஈரம் இருக்கும்போதே மடிப்புகளை நீவி, விளிம்பில் நாலைந்து மடிப்புக்கு ஒரு துணிக் கிளிப் வீதம் மாட்டி, கிளிப்பின் பல் பதியாமல் இடையில் துண்டுத் துணி வைத்துத் தொங்கவிடுங்கள்.

துணி மென்மையாக்கும் திரவம் காட்டனுக்கும் வேண்டாம், கலவைக்கும் வேண்டாம். அது இழைகளை வழுக்கவிட்டு மிருதுவாக்குவதற்கென்றே செய்யப்பட்டது. மடிப்புக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான விறைப்பு.

அறிகுறி: மடிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு

பழைய கோட்டிலிருந்து சற்றே விலகி அழுத்தியதால் வருவது. ரயில் தண்டவாளம் போல இரண்டு கோடு ஓடும். காட்டனில் தண்ணீர் தெளித்து அழுத்தினாலே போய்விடும். கலவைத் துணியில் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து, கோட்டின் மேல் போட்டு அழுத்துங்கள். நிறம் போகிறதா என்று உள்மடிப்பில் முதலில் சோதித்துப் பாருங்கள். பாலியஸ்டர் அதிகமுள்ள துணியில் ஆலையிலேயே அதிகச் சூட்டில் பதிந்த கோடு என்றால் முழுதாக மறையாது. அப்போது புதுக்கோட்டை விட்டுவிட்டு, பழைய கோட்டுக்கே திரும்பி மடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அறிகுறி: பளபளப்பு, அல்லது உள்மடிப்பின் தடம் மேலே தெரிகிறது

மேலே துணி போடாமல் அழுத்தியதன் விளைவு பளபளப்பு. பாலியஸ்டர் இழையின் மேற்பரப்பு நசுங்கித் தட்டையாகி ஒளியைத் திருப்புகிறது. லேசானதாக இருந்தால் வினிகர்த் துணியும் மென்மையான பிரஷ்ஷும் குறைக்கும். அழுத்தமாகப் பதிந்துவிட்டால் போகாது. உள்மடிப்பின் தடம் பதிவதைத் தடுக்க, ஒவ்வொரு மடிப்புக்கு அடியிலும் பழுப்புக் காகிதப் பட்டை ஒன்றைச் செருகிவிட்டு அழுத்துங்கள்.

அறிகுறி: மேலே ஒழுங்கு, விளிம்பில் மட்டும் விரிகிறது

மரபுக் கில்ட்டில் கீழே துணியின் சொந்தக் கரையே விளிம்பு, மடித்துத் தைப்பதில்லை. பல காட்டன் கில்ட்டுகளில் கீழே மடித்து ஹெம் அடித்திருப்பார்கள். மடிப்பு திரும்பும் இடத்தில் துணி பல அடுக்காகித் தடித்து, கத்திபோல நிற்க வேண்டிய இடம் உருண்டையாகிறது. அந்த இடத்தில் ஹெம்மைச் சில அங்குலம் பிரித்து, உள்ளே மடிந்திருக்கும் துணியைப் பாதியாகக் கத்தரித்து, தனியாக அழுத்தி, பிறகு தையுங்கள். வரிசை முக்கியம்: ஹெம் முதலில், மடிப்பு பிறகு. அதன்பின் விளிம்பின் மடிப்பை மரக்கட்டையின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் துணி போட்டு மெதுவாகத் தட்டினால் தடிப்பு அடங்கும். டெனிம் தைப்பவர்கள் எப்போதும் செய்வதுதான்.

அறிகுறி: மடிப்பு காலில் ஒட்டுகிறது

குளிர்காலத்தில், ஹீட்டர் போட்ட உலர்ந்த அறையில் அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் நிலைமின்சாரத்தால் ஒட்டும். கட்டுமுன் இரும்புக் கம்பி ஹேங்கரை உள்பக்கம் முழுக்கத் தேய்த்து எடுங்கள். நிலைமின்சாரம் போக்கும் ஸ்ப்ரேயும் உதவும். உள்பக்கம் மட்டும், லேசாக.

அறிகுறி: பயணப் பெட்டியிலிருந்து எடுத்தால் குறுக்குக் கோடு

நாலாக மடித்து வைத்தால் வேறென்ன ஆகும். மடிப்புகளுக்கு ஓட்டுத் தையல் போட்டு, கில்ட்டைத் தட்டையாக விரித்து, ஒரு பக்கத்திலிருந்து நீளவாக்கில் சுருட்டுங்கள். மடிப்புகள் சுருளின் நீளத்தோடு போக வேண்டும். பழைய உயரக் காலுறை ஒன்றின் பாதத்தை வெட்டிவிட்டு அந்தக் குழாய்க்குள் சுருளை நுழைத்தால் அவிழாது. வீட்டில் வைப்பதற்கு, இடுப்புப் பட்டியைப் பல இடங்களில் பிடிக்கும் கிளிப் ஹேங்கர். இரண்டே கிளிப்பில் தொங்கவிட்டால் நடுப்பகுதி தொய்ந்து அங்குள்ள மடிப்புகள் சாயும்.

அறிகுறி: அக்ரிலிக் விளிம்பு அலைபோல நெளிகிறது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கு மருந்து இல்லை. அக்ரிலிக் ஈரச் சூட்டில் வெகு சீக்கிரம் இளகி, பெட்டியின் கனத்துக்கே இழுபட்டு நீண்டு, விறைப்பை இழந்து துவண்டுவிடும். நீண்ட இழை திரும்பச் சுருங்காது. மறுபடி ஆவி காட்டினால் இன்னும் நீளும். நெளிந்த பகுதி விளிம்போடு நின்றால், கில்ட்டின் நீளம் இடம் கொடுக்கும் அளவுக்கு உள்ளே மடித்து ஹெம் அடித்துப் பிழைக்க வைக்கலாம். மேலே ஏறிவிட்டால் அந்தத் துணியைப் பை தைக்கப் பயன்படுத்துங்கள்.

இன்னும் கெடாத அக்ரிலிக் கில்ட் கையில் இருந்தால் ஆவி வேண்டாம், ஈரத் துணி வேண்டாம். உலர்ந்த காட்டன் துணி போட்டு, ஒரு புள்ளிச் சூட்டில், பெட்டியின் கனம் முழுதும் இறங்காமல் கையில் தாங்கிப் பிடித்து, மூன்று நான்கு எண்ணிவிட்டு எடுத்துவிடுங்கள். மரக்கட்டை இதற்கும் உண்டு. உள்மடிப்பில் ஓரத் தையல் போட்டுவிட்டால் இந்த இஸ்திரியும் அடிக்கடி தேவைப்படாது.